சேணத்துக்கு வெட்டிய அரைக்கால் சட்டை

ஜூராகான் அளவெடுக்கிற விதமே தனி. ஆளை நிற்க வைத்து அளக்க மாட்டாள். முற்றத்தில் ஒரு தடி மரக்கட்டையைக் கால் நட்டுக் குறுக்கே போட்டு, அதன்மேல் பழைய சேணம் ஒன்றை வாரால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள். கால்சட்டை வேண்டும் என்று எவன் வந்தாலும் முதலில் அதில் ஏறி உட்கார வேண்டும். கிராமத் தலைவரும் ஏறினார், முல்லாவின் மகனும் ஏறினான். "குனி" என்பாள். குனிய வேண்டும். "ஆட்டைத் தூக்கு" என்பாள். தரையில் கிடக்கிற மாவு மூட்டையை, சேணத்திலிருந்து விழாமல், பக்கவாட்டில் சரிந்து எட்டித் தூக்க வேண்டும். அவன் அப்படித் தொங்கிக்கொண்டு மூச்சு வாங்கும்போதுதான் இவள் நூலை இடுப்பிலிருந்து கவட்டை வழியாக ஓட்டிப் பின்பக்கம் கொண்டுவந்து முடிச்சுப் போடுவாள்.

உலாக் ஆடுகிறவனுக்கு வேறு எப்படித்தான் தைப்பது? ஐம்பது குதிரை மோதுகிற கூட்டத்தில் தலை வெட்டிய ஆட்டைத் தரையிலிருந்து பறிக்கிறவனுக்குக் கவட்டையில் துணி தாராளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊர் பார்க்கக் கிழியும். ஜூராகான் தைத்த கால்சட்டை ஆட்டத்தில் கிழிந்தது என்று அந்தப் பள்ளத்தாக்கில் ஒருத்தன் சொல்லட்டும், பார்க்கலாம்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. டேப்பில் இருக்கிற எண்கள் அவளுக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான். அதனால் என்ன? ஆளுக்கு ஒரு நூல். இடுப்புக்கு ஒரு முடிச்சு, தொடைக்கு இரண்டு, கவட்டைக்கு மூன்று, நீளத்துக்கு நான்கு. சுவரில் ஆணி அடித்து எல்லா நூலையும் தொங்கவிட்டிருந்தாள். எது யாருடையது என்று தெரிய, நுனியில் அவனவன் குதிரையின் பிடரியிலிருந்து இரண்டு மயிர். முதல் ஆணியில் செம்மயிர் கட்டிய நூல். அது அவள் புருஷன் கிதிராலியுடையது. கல்யாணமாகிக் கணவாய்க்கு அந்தப் பக்கமிருந்து பத்தொன்பது வயதில் வந்து இறங்கிய அந்த வருஷம் எடுத்த அளவு. இறந்துபோன மாமனாரின் கிழிந்த கால்சட்டையைத் தையல் தையலாகப் பிரித்துப் போட்டு, யாரும் சொல்லித் தராமல் அவளாகக் கற்றுக்கொண்ட வேலை. இருபத்தெட்டு வருஷம் அந்த ஒரே நூலை வைத்துத்தான் அவருக்குத் தைத்தாள். தொப்பை போடாத புருஷன். அதற்கும் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொள்வாள்.

இரண்டு ஆண்பிள்ளைகள் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் மிச்சம் சைராகுல் என்கிற பெண் மட்டும். ஆற்றுக்குக் கீழே உள்ள கிராமத்தில் நல்ல இடமாக அமைந்து, பேச்சும் முடிந்து, சம்பந்தி வீட்டார் வந்து நிச்சயத்துக்கு அடையாளமாகப் பெண்ணுக்குத் தோடு போட வேண்டிய நாளும் குறித்தாகிவிட்டது. அதற்குள் வசந்தப் புத்தாண்டான நோரூஸ் பண்டிகையின் உலாக் ஆட்டம் வந்தது. பனி உருகிய சேற்றில் செங்குதிரை சறுக்கியது. விழுந்த குதிரை கிதிராலியின் கால்மேல் விழுந்தது.

நகரத்து ஆஸ்பத்திரியில் முதலில் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். பிறகு ஒரு டாக்டர், மீசைகூடச் சரியாக முளைக்காத பையன், "இருங்க, நான் ஒரு தடவை முயற்சி பண்றேன்" என்றார். எலும்புக்குள் கம்பி ஓட்டி, வெளியே நான்கு இரும்பு வளையம் பூட்டி, முழங்காலுக்குக் கீழே தொடங்கிக் கணுக்கால் வரைக்கும் ஒரு குருவிக்கூண்டு மாதிரிக் கட்டிவிட்டார். கால் தங்கியது. ஆனால் அந்த டாக்டர் கதவுக்கு வெளியே ஜூராகானைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். "அக்கா, நடப்பாரு. ஆனா உலாக் இனிமே கிடையாது. குதிரைமேல ஏத்தாதீங்க." அவள் தலையாட்டினாள். அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பையில் இருந்த உலர்ந்த தயிர்க்கட்டி முழுவதையும் அவர் மேசைமேல் கொட்டிவிட்டு வந்தாள். கால் இருக்கிறதே, மனுஷன் இருக்கிறாரே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கூண்டுக்கு மேல் எந்தக் கால்சட்டையும் ஏறாது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் படுக்கைத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே வெட்கம் எல்லோருக்கும் பொது. வீட்டில் அப்படி இல்லை. ரஜாய்ப் போர்வைக்குள்ளேயே படுத்துக் கிடந்தார். கொல்லைக்குப் போக வேண்டுமே? ஜூராகான் தன்னுடைய அகலப் பாவாடையைக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு, தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பியுமாக, ஊன்றுகோலில் முற்றத்தைத் தாண்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கிதிராலியின் தம்பி தோரோன் வாசலில் வந்து நின்றான்.

"சலாம் அலைக்கும் அண்ணி!" என்றான். பிறகு ஜூராகான் பக்கம் திரும்பி, "சலாம் அலைக்கும், இன்னொரு அண்ணி!" என்றான்.

அன்றோடு சரி. கிதிராலி யாரையும் உள்ளே விடாதே என்றுவிட்டார். முல்லா வந்தார், திரும்பிப் போனார். கூட ஆடிய சகாக்கள் ஆட்டுத்தொடையோடு வந்தார்கள். தொடையை வாங்கிக்கொண்டு அவர்களை அனுப்ப வேண்டியதாயிற்று.

ஜூன் மாதம் முதல் வாரத்தில் சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்தது. சனிக்கிழமை வருகிறோம், தோடு போட. ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப்போட்டாயிற்று. இன்னொரு முறை தள்ளினால் பெண் கொடுக்க மனசில்லை என்றுதான் அர்த்தம். வருகிறவர்களைப் பெண்ணின் தகப்பன் நின்று வரவேற்க வேண்டும். அவர்கள் கொண்டுவரும் மேலங்கியைத் தோளில் போடும்போது எழுந்து நின்று வாங்க வேண்டும். கைகளை ஏந்தி ஆசி சொல்ல வேண்டும். அவர் முகம் காட்டாத வீட்டில் எந்தச் சம்பந்தியும் தோட்டை எடுக்கமாட்டான்.

"நான் வரமாட்டேன்" என்றார் கிதிராலி, சுவரைப் பார்த்து. "தம்பி இருக்கான்ல, அவன் நிக்கட்டும்."

"அவரா பெத்தாரு அவளை?"

"சம்பந்தியம்மா வருவா. அவ கூட நாலு பொம்பளைங்க வருவாங்க. அவங்க முன்னால முழங்காலைக் காட்டிட்டு நிக்கச் சொல்றியா? இல்ல உன் பாவாடையோட நிக்கவா?"

அடுத்த அறையில் சைராகுல் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் நின்றது.  அவள் ஏதாவது பேசியிருந்தால் தேவலை என்று ஜூராகானுக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் தோரோன் சந்தையிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தான். செய்த தப்புக்குப் பரிகாரம் செய்கிறவன் மாதிரி பவ்யமாக நீட்டினான். ஏரிக்கரைக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் போடுகிற அரைக்கால் சட்டை. மஞ்சள் நிறம். உடம்பு முழுக்கத் தென்னை மரம்.

"அண்ணே, இருக்கறதிலேயே பெரிசு இதான்."

கிதிராலி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இது என்ன மரம்டா?"

"தெரியலண்ணே. நம்ம ஊரு மரம் இல்ல."

"நானும் இதைப் போட்டுக்கிட்டா நம்ம ஊரு ஆள் இல்ல. கொண்டு போ."

போட்டுப் பார்க்கிற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. எப்படியும் அது வளையத்தில் மாட்டிக் கிழிந்திருக்கும்.

ஜூராகான் அதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டாள். விருந்துக்கு விருந்து கை மாறுகிற துணிகள் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் இருக்கும். இவள் அவளுக்குக் கொடுப்பாள், அவள் இன்னொருத்திக்குக் கொடுப்பாள், ஒருத்தியும் வெட்டமாட்டாள். அதில் கருநீலத்தில் கனமான துணி ஒன்று எத்தனை வீடு சுற்றி வந்ததோ. அதை விரித்தாள். அது போனால் ஒரு விருந்துக்குக் கையை வீசிக்கொண்டு போக வேண்டும். போகட்டும். அரைக்கால் சட்டை, முழங்காலை மூடும் நீளம், கூண்டுக்கால் பக்கம் மட்டும் அகலம். கண்ணை மூடிக்கொண்டு தைக்கலாம். முதல் ஆணியிலிருந்து நூலை எடுத்தாள். காய்ந்த சோப்புத் துண்டால் கோடு போட்டாள். கத்திரிக்கோலை வைக்குமுன், காவல் தாயான உமாயை நினைத்து எல்லாப் பெண்களும் சொல்வதைச் சொன்னாள்: "இது என் கையில்லை, உமாய்த் தாயின் கை." வெட்டினாள். மதியத்துக்குள் மெஷின் சக்கரத்தைச் சுற்றி முடித்தும்விட்டாள்.

படுத்தபடியே மாட்டிவிட்டு, "எந்திரிங்க" என்றாள்.

கிதிராலி ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். இடுப்பு சரியாக இருந்தது. முழங்கால் மூடியது. ஆனால் பின்பக்கம்! கவட்டைத் துணி அத்தனையும் மூட்டையாகத் திரண்டு கீழே தொங்கியது. அவர் ஒரு அடி வைத்தார், அது இடமும் வலமும் ஆடியது. இன்னொரு அடி வைத்தார், ஊன்றுகோல் அதில் மாட்டிக்கொண்டது.

தோரோன் இன்னும் போகவில்லை. "அண்ணி, வர்றவங்களுக்கு ஆடு அடிக்க வேண்டாம்" என்றான். "கொழுத்த வாலோட ஒண்ணு இங்கேயே நிக்குது."

சைராகுல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வேறொரு நாளாக இருந்தால் கிதிராலிக்கே சிரிப்பு வந்திருக்கும், அன்று வரவில்லை. குனிந்து அந்தத் தொங்கலைக் கையில் பிடித்துப் பார்த்தார். அந்தக் கவட்டை வெட்டு அவருக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் அதன்மேல்தானே உட்கார்ந்திருந்தார்.

"நீ இதை எனக்குத் தைக்கல" என்றார் மெதுவாக. "குதிரைமேல உட்கார்ந்திருக்கானே ஒருத்தன், அவனுக்குத் தைச்சிருக்கே."

ஜூராகான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் சொன்னதைக் காது கேட்டது, தலை ஆட்டியது, ஊருக்கெல்லாம் அவளே சொல்லவும் சொன்னாள். கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கை தன் பாட்டுக்கு முதல் ஆணிக்குப் போய்ச் செம்மயிர் நூலை எடுத்து, ஆட்டுக்குக் குனிகிறவனுக்கு வெட்டியிருக்கிறது. அவள் அழவில்லை. அழுததாக யாராவது சொன்னால் அது பொய். மூக்கை மட்டும் தலைத்துணியின் நுனியில் துடைத்தாள்.

"கொழுந்தனாரே" என்றாள், "போய் ஒரு நாற்காலி கொண்டு வாங்க. பள்ளிக்கூடத்துல கேளுங்க. கை வச்ச நாற்காலி."

"எதுக்கு அண்ணி?"

"வாய வச்சிட்டு சும்மா நிக்கறதுக்கு பதிலா ஏதாவது தூக்குங்கன்னு சொல்றேன்."

நாற்காலி வந்தது. கிதிராலி அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் நல்ல காலில் துணி நாலு விரல் மேலே ஏறி முழங்கால் எட்டிப் பார்த்தது. கூண்டுக் காலை அவரால் மடக்க முடியாது. அது முன்னால் நீட்டி, ஒரு மணையின்மேல் கிடந்தது. அந்தப் பக்கம் துணி ஏறவே இல்லை. ஜூராகான் இதை அதுவரை நினைத்ததே இல்லை. சேணத்தில் இரண்டு காலும் ஒரே மாதிரிதானே மடங்கும்! இந்த மனுஷனுக்கு இனிமேல் இரண்டு கால், இரண்டு அளவு. கத்திரிக்கோல் பட்ட நீளத்தை ஒட்டவா முடியும்? நல்லவேளை, ஓரத்தில் மடித்து அடித்தது ஐந்து விரல் இருந்தது. துணி மிச்சப்படுத்தாமல் மடிக்கிற அவளுடைய பழைய பழக்கம் அன்று காப்பாற்றியது.

புது நூல் எடுத்தாள். "எந்திரிங்க. உக்காருங்க. கை ஏந்துங்க, ஆசி சொல்ற மாதிரி. இப்போ யாரோ வந்துட்டாங்க, எந்திரிங்க." ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சு.

"என்னைக் கொல்றியா?" என்றார் அவர்.

"கொல்றதுக்கா குதிரைக்கிட்ட இருந்து மீட்டுக் கொண்டாந்தேன்? உக்காருங்க."

பிரிக்கிற வேலைதான் பெரிது. கவட்டைத் துண்டைப் பல்லாலும் ஊசியாலும் பிரித்து எடுத்தாள். நல்ல கால் பக்க ஓரத்தை அவிழ்த்து நீளம் விட்டாள். கூண்டுக் கால் பக்கம் வெளித்தையலை இடுப்புக்கு ஒரு சாண் கீழேயிருந்து அடிவரை திறந்தாள். வளையத்தைத் தொடாமல் பக்கவாட்டில் வைத்துப் போர்த்தி நாடாவால் முடிகிற மாதிரி. திறந்த இடத்தில் தொடை தெரியுமே? அதற்கு உள்ளே ஒரு மடல் வேண்டும். அந்த மடலுக்குத்தான் கவட்டையிலிருந்து எடுத்த துண்டு. கச்சிதமாகப் பொருந்தியது. நாடாவை ஆறு தடவை மாற்றினாள். பெரிய முடிச்சு கம்பியை அழுத்தியது, சின்ன முடிச்சு அவிழ்ந்தது. கடைசியில் வாரில் போடுவார்களே, இழுத்தால் உடனே அவிழ்கிற குதிரைக்காரன் சுருக்கு, அதையே கிதிராலி போட்டுக் காட்டினார். அந்த ஒன்று மட்டும் அவர் செய்த வேலை. பிற்பாடு கேட்டவர்களிடம் எல்லாம் அரைக்கால் சட்டையையே தான் தைத்ததுபோலத்தான் சொல்லித் திரிந்தார். போகட்டும்.

வெள்ளிக்கிழமை கடைசியாக ஒருமுறை மாட்டிப் பார்த்தார்கள். நின்றார், தொங்கவில்லை. உட்கார்ந்தார், இரண்டு முழங்காலும் துணிக்குள் இருந்தன. முழங்காலுக்குக் கீழே நல்ல காலில் உயரமான கம்பளிக் காலுறை. கூண்டுக் காலில் கூண்டு.

"வருவீங்களா?" என்று கேட்டாள்.

அவர் தொப்பியைத் தட்டித் தூசி போக்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ஒரு பழைய பேருந்தில் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். முன்னால் சம்பந்தி மம்பெத். கனத்த ஆள், சிரிக்காத முகம். பக்கத்தில் அவர் மனைவி உல்ஜான், கையில் துணியில் சுற்றிய சின்னப் பொட்டலம். வாசலில் தோரோன் நிற்பதைப் பார்த்ததும் மம்பெத்தின் நடை தயங்கியது. அவர் கண் வேறு யாரையோ தேடியது. அடுப்பங்கரை ஜன்னலிலிருந்து ஜூராகான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் சைராகுல் அவள் முதுகுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சின்னப் பிள்ளை மாதிரி.

ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டது.

கிதிராலி வெளிவாசற்படிவரை வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, மேலே கோட்டு, அதற்குக் கீழே கருநீல அரைக்கால் சட்டை, அதற்கும் கீழே வெயிலில் மின்னுகிற நாலு வளையம்.  கூட வந்த பெண்களில் ஒருத்தி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"வாங்க சம்பந்தி" என்றார் கிதிராலி. "கால மடக்கி உக்கார முடியாது. மரியாதைக் குறைவுன்னு நினைக்காதீங்க. ஒரு காலைக் கூண்டுல அடைச்சு வச்சிருக்கு."

மம்பெத் அந்தக் கூண்டைப் பார்த்தார், பிறகு அரைக்கால் சட்டையைப் பார்த்தார். நாடாவை, மடலை, ஓரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குதிரைச் சந்தையில் பல்லைப் பார்க்கிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

"கூண்டுல இருக்கறது பறந்து போகாதில்ல?" என்றார்.

"கூண்டே பறக்க விடமாட்டேங்குது."

அந்தக் கனத்த மனுஷன் சிரித்துவிட்டார். நேராகப் போய்க் கிதிராலியைத் தோளோடு கட்டிக்கொண்டார், ஊன்றுகோல் ஒன்று கீழே விழுந்தது. தலையைத் திருப்பிக்கொண்ட பெண்தான் ஓடி வந்து அதை எடுத்துக் கொடுத்தாள்.

இறைச்சி பரிமாறினார்கள். அவர்கள் கொண்டுவந்த மேலங்கியைக் கிதிராலி எழுந்து நின்று தோளில் வாங்கினார். உல்ஜான் பொட்டலத்தை அவிழ்த்தாள். வெள்ளித் தோடு, ஒவ்வொன்றிலும் மூன்று சிவப்புக் கல். சைராகுலின் காதில் போடும்போது பெண் தலை குனிந்துகொண்டே இருந்ததால் இடது காதுக்கு இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.

பிறகு எல்லோரும் கை ஏந்தினார்கள். ஆசி சொல்ல வேண்டியவர் கிதிராலி. பெண் நன்றாக இருக்கட்டும், பால் பொங்கட்டும், மந்தை பெருகட்டும் என்று வழக்கமாக வரும் வரிசையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் நிறுத்தினார். 

"என் காலைக் கொடுத்த அந்த டாக்டர் தம்பி நூறு வருஷம் இருக்கணும்" என்றார். "இன்னிக்கு என்னை இந்த வாசல்ல நிக்க வச்ச கை ஒண்ணு இருக்கு. அந்தக் கை வலி காணக் கூடாது. ஓமின்."

"ஓமின்" என்று பன்னிரண்டு பேரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். சம்பந்தி முன்னால் பெண்டாட்டியைப் பற்றி ஆசியில் சொல்கிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. அடுப்பங்கரை வாசலில் தேநீர்க் கோப்பைகளோடு நின்ற ஜூராகான் உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. கடவுளே, இவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தாயே, அது போதும் என்று மட்டும் மனசுக்குள் சொன்னாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிப்போயிற்று.

புறப்படுகிற நேரம் உல்ஜான் அவளை அடுப்பங்கரைக்கு ஒதுக்கிக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள்.  விருந்தில் குறையா, பெண்ணில் குறையா என்று ஜூராகான் யோசித்தாள்.

"சம்பந்தியம்மா, வெளியில சொல்லக் கூடாது" என்றாள் உல்ஜான், காதோடு. "எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு முழங்காலும் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கிடக்கு. ஒரு வருஷமா. கால்சட்டையை இழுக்கறப்ப எல்லாம் கத்தறாரு. ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு சிரிக்கறதையே விட்டுட்டாரு. இன்னிக்குத்தான் சிரிச்சதைப் பாத்தேன். அவருக்கும் ஒண்ணு தைச்சுக் குடுப்பீங்களா? ரெண்டு பக்கமும் தொறக்கற மாதிரி?"

"இதுக்கா கதவைச் சாத்துனீங்க?" என்றாள் ஜூராகான். கையைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு தைச்சுத் தரேன். முதல்ல சொல்லுங்க, சம்பந்தி எதுல உக்காருவாரு? தரையிலயா, நாற்காலியிலயா?"

"தரையிலதான் உக்காருவேன்னு அடம் பிடிப்பாரு" என்றாள் உல்ஜான். "எழுப்பறதுக்கு மூணு ஆளு வேணும்."